நல்ல ரிப்போர்ட்

பெங்களூர் அல்சூரில் ஊசி என்றால் அலறுகிறவர்கள் எல்லாம் லீனாவைத்தான் தேடி வருவார்கள். மார்க்கெட் தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப். பதினெட்டு வருஷமாக அங்கே ரத்தம் எடுப்பவள் அவள், மெஷினில் வைப்பவள் அவள், ரிப்போர்ட் அடிப்பவளும் அவள்தான். கையெழுத்துப் போடுகிற டாக்டர் சாயங்காலம் வந்து, அரை மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். "லீனா பாத்தாச்சுன்னா நான் வேற பாக்கணுமா?" என்பார். பதினெட்டு வருஷத்தில் ஒரு ட்யூப் மாறியதில்லை, ஒரு பேர் தப்பாக ஒட்டியதில்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலையில் செய்த காரியம் இருக்கிறதே, அதை வேறு யார் செய்திருந்தாலும் அவளே செருப்பைக் கழற்றியிருப்பாள்.

அவள் புருஷன் ரெமிஜியஸ் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்கு கேப் ஓட்டினவர். வலது உள்ளங்காலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. "ஆக்ஸிலரேட்டர் மிதிச்சு மிதிச்சு ஆணி விழுந்துடுச்சு" என்றார். மெடிக்கலில் ஆணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொண்டார். எட்டு மாசம் ஒட்டினார் ஐயா, எட்டு மாசம்! புள்ளி எட்டணா அளவு விரிந்து, ஓரமெல்லாம் கோணலாகி, ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகும் ஷூ உரசுகிறது என்றார். ஊரார் நோயெல்லாம் ஒரு சொட்டில் கண்டுபிடிக்கிறவள், சொந்தப் புருஷன் காலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்க்கவில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டியபோதுதான் ஓசூர் ரோட்டுப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மெலனோமா என்றார்கள். தோலில் வருகிற புற்றுநோய்களில் படுபாவி அதுதான். உள்ளங்காலில் ஒரு துண்டையும் தொடை இடுக்கில் இருந்த நெறியையும் வெட்டி எடுத்தார்கள். அதற்குள் நுரையீரலில் நாலு புள்ளி விழுந்திருந்தது.

அங்கே புற்றுநோய் பார்க்கிற டாக்டர் வீணா மூடி மறைத்துப் பேசுகிறவர் இல்லை. "புது மருந்து இருக்கு, உடம்பையே நோயோட சண்டை போட வைக்கும். ஆனா வருஷக் கணக்கா போடணும், அந்தச் செலவு உங்களால தாங்க முடியாது. ரெண்டு கீமோ மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறேன். எல்லாருக்கும் கேக்காது. கேட்டா நல்லது." மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. மூன்று தடவை முடிந்ததும் ஸ்கேன். அதில் தெரிந்துவிடும், மருந்து கேட்கிறதா, கைவிட வேண்டியதா என்று.

ஒவ்வொரு தடவைக்கும் முந்தின நாள் ரத்தம் பார்க்க வேண்டும். கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் ஆயிரத்து ஐநூறாவது இருந்தால்தான் மருந்து ஏற்றுவார்கள். கீமோவுக்கு நல்லது கெட்டது தெரியாது, அந்த அணுக்களையும் சேர்த்து அழித்துவிடும். வீட்டில் அதற்குப் பேர் 'கவுன்ட்'. ரத்தம் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு, வீட்டிலேயே லேப்காரி இருக்கிறாளே என்று டாக்டரே சொல்லிவிட்டார். லீனா அனுப்புகிற ரிப்போர்ட்டைப் போனில் பார்த்து "வாங்க" என்பார், இல்லையென்றால் "அடுத்த வாரம்" என்பார்.

முதல் இரண்டு தடவை எப்படியோ நடந்துவிட்டது. மூன்றாவதுக்குத்தான் வந்தது வினை. கவுன்ட் தொள்ளாயிரம். அடுத்த வாரம் என்றார் டாக்டர். அடுத்த வாரம் ஆயிரத்து நூறு. இன்னொரு வாரம் போகட்டும் என்றார்.

டாக்டருக்கு வாரம் என்பது காலண்டரில் ஒரு வரிசை. லீனாவுக்கு அப்படி இல்லை. தினமும் காலையில் ரெமியைத் துடைத்துவிடும்போது, தையல் போட்ட தொடை இடுக்கைத் தொட்டுப் பார்ப்பாள். இரண்டாவது கீமோவின்போது நெல்லிக்காய் அளவு ஒரு வீக்கம். முதல் வாரம் தள்ளியபோது எலுமிச்சம்பழம். இரண்டாவது வாரம் அவள் உள்ளங்கையை நிறைத்தது. டாக்டரிடம் போனில் சொன்னாள். "ஸ்கேன்ல பாத்துக்கலாம்மா, இப்ப பயப்படாதீங்க" என்றார். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? அந்தப் பயத்தோடேயே வேலைக்குப் போவாள், வருவாள். வெட்டி எடுத்த இடத்திலேயே மறுபடி முளைத்து வளர்கிறது, மருந்து ஏறாத ஒவ்வொரு நாளும் அதற்குக் கொண்டாட்டம் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வீட்டிலேயே ரெமியிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தாள். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போனாள். மெஷினில் வைத்தாள். ஆயிரத்து ஐம்பது.

மறுபடி வைத்தாள். ஆயிரத்து நாற்பது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஆயிரத்து ஐம்பதுக்கும் ஆயிரத்து ஐநூறுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? யாரோ எங்கேயோ உட்கார்ந்து போட்ட கோடுதானே? இன்றைக்கு இதை அனுப்பினால் மறுபடியும் அடுத்த வாரம். அதற்குள் அந்தச் சனியன் பிடித்த வீக்கம் என்ன அளவுக்குப் போகும்? அவள் மனசு இப்படியே வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தது. எதிர்வாதம் பண்ண அங்கே ஆள் இல்லை.

எழுந்தாள். ரப்பர் பட்டையை இடது கையில் சுற்றிப் பல்லால் இழுத்துக் கட்டினாள். தன் நரம்பில் தானே குத்தி ஒரு ட்யூப் நிறைய எடுத்தாள். அதன்மேல் "ரெமிஜியஸ், ஆண், 49" என்று ஒட்டினாள். மெஷினில் வைத்தாள். நாலாயிரத்து எண்ணூறு.

"மாதாவே, என்னை மன்னிச்சுக்கோ" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அனுப்பும் பட்டனை அமுக்கினாள். ஐந்து நிமிஷத்தில் டாக்டரிடமிருந்து பதில் வந்தது. "சூப்பர்! நாளைக்கு அழைச்சிட்டு வாங்க."

ரெமி அந்தப் பதிலைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். நாலாயிரத்து எண்ணூறு, நாலாயிரத்து எண்ணூறு என்று போன் போட்டு யார் யாருக்கோ சொன்னார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் இரண்டாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் வீணா ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார். "ஹீமோகுளோபின்கூட ஏறியிருக்கே! என்னம்மா கொடுத்தீங்க?"

ரெமிதான் முந்திக்கொண்டார். "சுவரொட்டி டாக்டர். ஆட்டு மண்ணீரல். டெய்லி ரஸ்ஸல் மார்க்கெட் போய் வாங்கிட்டு வந்து நல்லெண்ணெயில வதக்கிக் கொடுக்கிறா. இவ கைக்கு எறும்புக்குக்கூட ரத்தம் ஊறும்."

டாக்டர் சிரித்தார். பிறகு சொன்னாரே ஒரு வார்த்தை. "கவுன்ட் ஏறாம இருந்ததால முக்கால் டோஸ்தான் கொடுக்கணும்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். இப்ப தேவையில்ல. முழு டோஸே கொடுத்துடலாம்."

"டாக்டர்... அந்தக் கவுன்ட் ஏத்துற ஊசி? மறுநாள் போடறேன்னு சொன்னீங்களே?"

"அதுவும் எதுக்கு? போட்டா எலும்பெல்லாம் குடையும், பாவம். இந்தக் கவுன்ட்டுக்கு வேண்டாம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் இருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் ரெமி அதற்குள் கட்டிலில் ஏறிப் படுத்துச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், அவளை வெளியே தள்ளிவிடுவார்கள், லேபில் வேலை போய்விடும், இந்தச் சிரிப்பும் போய்விடும். வாயை மூடிக்கொண்டாள். முதலில் ஒரு பாட்டில் மூன்று மணி நேரம், அடுத்தது ஒரு மணி நேரம். ஒவ்வொரு சொட்டாக இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்பெல்லாம் அந்தச் சொட்டுகளைப் பார்த்தால் தைரியம் வரும். அன்றைக்கு ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில்தான் விழுந்தது.

புதன்கிழமை முதல் வேலையாக மெடிக்கலுக்கு ஓடினாள். அந்த ஊசியைத் தானே வாங்கிப் போட்டுவிடலாம் என்று கணக்கு. "டாக்டர் சீட்டு இல்லாம கொடுக்க மாட்டேங்கக்கா, உங்களுக்குத் தெரியாததா?" என்றார் கடைக்காரர். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினாள். அதே பதில்தான்.

அப்புறம் வீட்டைக் கோட்டை ஆக்கினாள். லேபுக்கு லீவு போட்டாள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாள், தட்டைக் கொதிக்க வைத்தாள். கையை நல்லாக் கழுவு, மாஸ்க் போடு, வாசலிலேயே நில் என்று வருகிறவர்களை விரட்டினாள். சர்ச்சிலிருந்து ஜெபம் பண்ண வந்த நாலு பேரைப் படியிலேயே நிற்க வைத்து ஜெபிக்கச் சொன்னாள். மாதா படத்துக்கு வைக்கிற பூவைக்கூட வெளியே எறிந்தாள். ரெமிக்குச் சிரிப்பாக வந்தது, அப்புறம் கோபமாக வந்தது.

"ஏன்டி இந்தப் பாடு படுத்தற? கவுன்ட் கம்மியா இருந்தப்பகூட நீ இப்படி ஆடல. இப்ப நாலாயிரத்து எண்ணூறு இருக்கு எனக்கு!"

அவள் அடுத்த பாத்திரத்தைக் கொதிக்க வைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை க்ளென் வீட்டில் ஞானஸ்நான விருந்து. க்ளென் ரெமியோடு கேப் ஓட்டுகிறவன், ஹெப்பகோடியில் குடியிருக்கிறான், ரெமியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். அவன் மகளுக்கு ரெமிதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று பிள்ளை பிறக்கும் முன்னாடியே பேசி வைத்தது. "வேண்டாங்க, கூட்டத்துக்குள்ள போகக்கூடாது" என்று லீனா கெஞ்சினாள். அழுதாள். வயிற்றுவலி என்று படுத்துக்கூடப் பார்த்தாள். "உனக்கு வயித்துவலின்னா நீ படு, நான் போயிட்டு வரேன்" என்று ரெமி ஷேவ் பண்ணிக்கொண்டு வந்து நின்றார். உண்மையைச் சொல்லித் தடுத்திருக்கலாம். இரண்டே வார்த்தை. அதைச் சொல்லாமல் எழுந்து புடவை மாற்றினாள்.

அவளும் கூடப் போனாள். நூறு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் ரெமியைக் கட்டிப்பிடித்தார்கள். "நல்லாத் தேறிட்டீங்க!" என்றார்கள். க்ளென்னின் மூத்த பையனுக்குச் சளி ஒழுகிக்கொண்டிருந்தது, அவன் ரெமியின் மடியில் ஏறி உட்கார்ந்து அவர் தட்டிலிருந்தே பிரியாணி எடுத்துத் தின்றான். பச்சை வெங்காயத் தயிர் பச்சடியை ரெமி இரண்டு தடவை வாங்கினார். லீனா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து என்ன செய்ய? அவர் இருமினால் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேபியைக் கையில் வாங்கி அவர் முத்தம் கொடுத்தபோது அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. தெர்மாமீட்டரை வைத்தால் நார்மல். லீனாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மாதா கைவிடவில்லை போலிருக்கிறது, அந்த ஆயிரத்து ஐநூறுக் கோட்டை மீறியும் ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது ரெமி எழுந்திருக்கவில்லை. நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. தலையணையைப் புரட்டினாள், அடியில் காய்ச்சல் மாத்திரை அட்டை. பத்தில் ஆறு காலி.

"எப்ப இருந்துங்க? எப்ப இருந்து?"

"திங்கக்கிழமையில இருந்து லேசா... நீ வேற ஆடித் தொலைப்பியேன்னு சொல்லல. வெறும் காய்ச்சல்தானே. எனக்குத்தான் கவுன்ட் நல்லா இருக்கே, லீனா."

அவர் மாத்திரை போட்டுப் போட்டுக் காய்ச்சலை அமுக்கியிருக்கிறார், அவள் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து நம்பியிருக்கிறாள். கவுன்ட் இல்லாத உடம்பில் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம்கூட வைத்திருக்கக் கூடாது. அவர் இரண்டு நாள் வைத்திருந்தார். அவள் கொடுத்த தைரியத்தில்தான் வைத்திருந்தார்.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் வீணா ஏதோ மீட்டிங்கில் இருந்தார். எமர்ஜென்சியில் ஒரு சின்ன வயசு டியூட்டி டாக்டர். "ஏனாயித்து அங்கிள்? என்ன ஆச்சு?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் ரிப்போர்ட்டைத் திறந்தாள். அன்றைக்கென்று உள்ளே அத்தனைக் கட்டிலும் நிறைந்திருந்தது. வெளியே ஸ்ட்ரெச்சரில் இரண்டு விபத்துக் கேஸ்.

"கீமோவுக்கு முன்னாடி நாலாயிரத்து எண்ணூறு. ரொம்ப நல்லா இருந்திருக்கு. இப்ப ஊரெல்லாம் வைரல் ஃபீவர்தான். ரத்தம் அனுப்பறேன், ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் எந்த மருந்துன்னு பார்க்கலாம். அதுவரைக்கும் வெளிய உக்காருங்க ஆன்ட்டி."

ரெமி நடுங்கிக்கொண்டே தலையை ஆட்டினார். "ஆமா டாக்டர், நல்ல ரிப்போர்ட். என் ஒய்ஃப்பே எடுத்தது."

லீனா அப்போதுதான் உடைந்தாள். "அது அவர் ரத்தம் இல்ல!" என்று கத்தியே விட்டாள். எமர்ஜென்சி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அது என்னோட ரத்தம் மேடம். அவருக்கு ஆயிரத்து ஐம்பதுதான் இருந்துச்சு. நான்தான் மாத்தி அனுப்பினேன். முழு டோஸ் போட்டிருக்காங்க, ஊசியும் போடல. ஒன்பதாவது நாள். ரிப்போர்ட்டுக்கு வெயிட் பண்ணாதீங்க, உங்க கால்ல விழறேன், ஆன்டிபயாடிக்கை இப்பவே போடுங்க!"

அந்தப் பெண் ஒரு விநாடி அவளையே பார்த்தாள். அடுத்த விநாடி "சிஸ்டர்!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். கட்டில் வந்தது, ஆக்ஸிஜன் வந்தது, இரண்டு கையிலும் ஊசி ஏறியது. பிரஷர் எண்பதுக்குக் கீழே போயிருந்தது.

ரெமி அந்தக் களேபரத்துக்கு நடுவில் லீனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். புரியாமல் பார்த்தார்.

"உன்னோட ரத்தமா? எதுக்குடி?"

"கட்டி வளர்ந்துக்கிட்டே போச்சுங்க. தள்ளித் தள்ளிப் போட்டா உங்களப் பறிகொடுத்துடுவேன்னு பயந்துட்டேன்."

அவர் கண்ணை மூடினார். மூடியபடியே சொன்னார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் க்ளென் வீட்டுக்குப் போயிருக்க மாட்டேனே, லீனா."

அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அரை மணி நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. கவுன்ட் அறுபது. சாயங்காலம் ஐசியூவில் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள்.

வியாழக்கிழமை காலை டாக்டர் வீணா அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். திட்டுவார், போலீஸ் என்பார் என்று எதிர்பார்த்துப் போனாள். டாக்டர் திட்டவில்லை.

"நெஞ்சுல சளி எவ்வளவு இருக்குன்னு பாக்க ஸ்கேன் எடுத்தோம். அப்படியே வயிறு, தொடை வரைக்கும் எடுத்தோம். நீங்க தெரிஞ்சுக்கணும், நான் மறைக்க மாட்டேன். தொடை இடுக்குல இருக்கிறது கட்டி இல்லம்மா. ஆபரேஷன் பண்ண இடத்துல சேர்ற நீர். ஊசி வெச்சு எடுத்துடற விஷயம். நுரையீரல்ல நாலு புள்ளி இருந்துச்சில்ல? ரெண்டு காணோம். மத்த ரெண்டும் பாதியாயிடுச்சு. முதல் ரெண்டு கீமோவே அவருக்குக் கேட்டிருக்கு."

"அப்போ அந்த ஒரு வாரம் காத்திருந்தா?"

"ஒரு மாசம்கூடக் காத்திருக்கலாம்."

லீனா உள்ளே போனாள். ரெமியின் காதருகில் குனிந்து, "கேட்டிருச்சுங்க, மருந்து கேட்டிருச்சுங்க" என்று சொன்னாள். மெஷின் அவர் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அவர் இமைகூட அசையவில்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரெமிஜியஸ் போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்கு முன்னாடி வீட்டில் கூட்டம் நிற்க இடமில்லை. வந்த ஒவ்வொருத்தரும் லீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார்கள். கேன்சர் கொண்டுபோயிடுச்சும்மா, நீ என்ன பண்ணுவ, ஒரு குறை வைக்காம பாத்துக்கிட்ட. அவள் தலையைக் குனிந்தபடியே இருந்தாள். ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாயிற்று, அங்கே நடக்க வேண்டியது நடக்கும். இந்த வீட்டுக்குள் அது யாருக்கும் தெரியாது. தெரியாமலே போய்விட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

க்ளென் கடைசியாக வந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் வரவே இல்லை. வாசற்படியிலேயே மண்டியிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "அண்ணி, என் பையனுக்குச் சளி இருந்துச்சு அண்ணி. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், அண்ணன் மடியில உக்காந்தான், எறக்கி விடணும்னு தோணல. நான்தானே கூப்பிட்டேன்? என் வீட்டுச் சோறுதானே? நான் கொன்னுட்டேனா அண்ணி? சொல்லுங்க, என்னாலதானா?"

யாரோ ஒருத்தர் அவனைத் தூக்கப் போனார்.

லீனா எழுந்து வந்தாள். அத்தனை பேர் முன்னாலும் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டிருந்த அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இல்ல க்ளென். உன்னால இல்ல, உன் பையனால இல்ல, கேன்சராலயும் இல்ல. கேளு, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள்.